உலகக் கண்காட்சியில் ஒரு நாடு தன்னை எப்படிக் காட்டுகிறது? வன்னியிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் சித்திரமும் வரலாறும் படிப்பிக்கிற ஆசிரியர்கள், பனையோலை வேலை செய்கிற பெண்கள், பிரதேசப் பண்பாட்டு விழாவுக்குக் கூடம் போடுகிற இளையவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இங்கே இருக்கின்றன. முன்பகுதி உலகக் கண்காட்சிகளில் நாடுகள் அமைக்கும் அரங்குகளைப் பற்றியது. பின்பகுதி, அங்கே கண்ட பாடங்களைக் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒரு பாடசாலை மண்டபத்துக்குள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது.

உலகக் கண்காட்சி எண்டால் பெரிய வர்த்தகச் சந்தைதானே?

தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான். 1851 மே 1 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையில் முதலாவது கண்காட்சி திறந்தது. ஐந்தரை மாதத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் பார்த்தார்கள். எல்லா நாட்டுப் பொருளும் ஒரே கூரையின் கீழ்தான் கிடந்தன. 1867இல் பாரிஸில் இது மாறியது. நடுவிலிருந்த பெரிய மண்டபத்தைச் சுற்றியுள்ள பூங்காவில் நாடுகள் தங்கள் தங்கள் பாணியில் சிறு கட்டடங்கள் எழுப்பின. 1878இல் அதே பாரிஸில் நாடுகளின் வீட்டு முகப்புகளை ஒரு தெரு நீளத்துக்கு வரிசையாக நிறுத்தினார்கள். பொருளைக் காட்ட வந்த நாடு, தன் முகத்தைக் காட்டத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

1928இல் பாரிஸில் கையொப்பமான உடன்படிக்கையின்படி சர்வதேசக் கண்காட்சிப் பணியகம் இதை ஒழுங்குபடுத்துகிறது. பெரிய கண்காட்சி 5 ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 6 மாதம். சிறப்புக் கண்காட்சி இடையில் வரும், 3 மாதத்துக்கும் 25 ஹெக்டேயருக்கும் மேற்படக் கூடாது.

ஒரு அரங்கில் 'நாடு' எங்க இருக்கு? கட்டடத்திலயா, உள்ள வைக்கிற சாமானிலயா?

இரண்டிலும் இருக்கிறது. வாசலில் நிற்பவர் பேசும் விதத்திலும், சாப்பாட்டுக் கடையின் மணத்திலும், வெளியேறும் வழியில் விற்கும் பொருளிலும்கூட இருக்கிறது. ஆனால் நல்ல அரங்குகளைப் பார்த்தால் ஒன்று தெரியும்: அவை ஒரே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதையே கடைசி வரைக்கும் பேச விட்டிருக்கின்றன.

2000ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹனோவரில் சுவிற்சர்லாந்து அமைத்த அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பீற்றர் சும்தோர் வடிவமைத்தது. மரக்காலையில் பச்சை மரத்தைக் காய விடுவதற்கு எப்படி அடுக்குவார்களோ, அப்படியே உத்திரங்களை அடுக்கிச் சுவராக்கினார்கள். அடுக்குக்கிடையில் சிறு சட்டங்கள், காற்றுப் போவதற்கு. ஆணி இல்லை, பசை இல்லை. மேலிருந்து கீழாக இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்தன, கம்பிகளில் சுருள் வில்கள் பொருத்தியிருந்தன. மரம் காயக் காயச் சுருங்கும். சுருங்கச் சுருங்கச் சுவர் தளரும். அந்தத் தளர்வை வில் உள்வாங்கி, பிடியை விடாமல் வைத்திருக்கும். முதிரையும் பாலையும் அறுத்து அடுக்கிப் பழகிய வன்னி மரக்காலைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கண்காட்சி முடிந்ததும் மரத்தைக் கழற்றி விற்றார்கள். அதற்குள் அது நன்றாகக் காய்ந்திருந்தது. மலையும் இல்லை, கடிகாரமும் இல்லை, சொக்கிலேற்றும் இல்லை. மரவாசமும் உள்ளே நடந்து திரிந்த இசைக்கலைஞரும்தான். கவனமான வேலை செய்கிற நாடு என்ற எண்ணத்தை மரம் அடுக்கியிருந்த விதமே தந்தது.

2010இல் ஷங்காயில் பிரித்தானியாவும் அதே வழியில் போனது. தோமஸ் ஹெதர்விக் வடிவமைத்த அரங்கில் 7.5 மீற்றர் நீளமான 60,000 தெளிந்த பிளாஸ்ரிக் தண்டுகள் சுவரைத் துளைத்து நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் விதைகள். பகலில் வெளிச்சம் தண்டு வழியாக உள்ளே வந்து விதையில் முடியும். அரண்மனையையும் சிவப்புப் பேருந்தையும் எதிர்பார்த்துப் போனவர்கள் ஒரு நெல்மணியளவு பொருளுக்கு முன்னால் நின்றார்கள்.

அதே கண்காட்சியில் ஸ்பெயின் தன் அரங்கின் வெளிப்புறத்தைப் பிரம்புத் தட்டிகளால் போர்த்தியது. தட்டிகளை முடைந்தவர்கள் சீனக் கைவினைஞர்கள். இது ஏமாற்றா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் பார்வையில் ஏமாற்று அல்ல. முடைதல் இரண்டு நாட்டுக்கும் தெரிந்த வேலை. வடிவம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. முடைந்தவர் யாரென்று சொல்லாமல் மறைத்தால்தான் அது பிழை.

அரசாங்கம் தன்னைப் புகழுறதுக்கு இதைப் பயன்படுத்தாதா?

பயன்படுத்தும். அரங்கை அமைப்பது அரசுதான். மிகத் தெளிவான சாட்சி 1937 பாரிஸ். அல்பேர்ட் ஸ்பீர் வடிவமைத்த நாஜி ஜேர்மனியின் கோபுரம், உச்சியில் கழுகோடு ஒரு பக்கம். நேர் எதிரே போரிஸ் யோபான் கட்டிய சோவியத் அரங்கு, அதன் தலையில் வேரா முகினாவின் தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும். இரண்டுமே உயரத்தால் பேசின.

அதே வளாகத்தில் ஸ்பானியக் குடியரசின் அரங்கு அளவில் மிகச் சிறியது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கேர்ணிக்கா என்ற சிற்றூர் குண்டுவீச்சில் எரிந்தது. சில வாரங்களுக்குள் பிக்காசோ அதை 3.5 மீற்றர் உயரமும் 7.8 மீற்றர் அகலமும் கொண்ட திரையில் தீட்டி, அந்த அரங்கின் கீழ்த்தளத்தில் வைத்தார். இரண்டு கோபுரங்களையும் இன்று வரலாற்று மாணவர்கள்தான் நினைக்கிறார்கள். அந்த ஓவியத்தை உலகமே அறியும்.

மனிசரையே காட்சிக்கு வச்சவையாம், உண்மையா?

உண்மை. 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பினோ மக்களைக் 'கிராமம்' என்ற பெயரில் குடியமர்த்திக் காட்டினார்கள். 1958இல் பிரசெல்ஸில்கூட, இரும்புப் படிகத்தின் அணு அமைப்பைக் காட்டும் 102 மீற்றர் உயர அற்றோமியம் என்ற கட்டடத்தின் காலத்திலேயே, கொங்கோ மக்களை மூங்கில் வேலிக்குப் பின்னால் இருத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் நடந்துகொண்ட முறை பொறுக்க முடியாமல் அவர்கள் கண்காட்சி முடியும் முன்னரே வெளியேறினார்கள்.

இது எங்கேயோ நடந்த பழங்கதை என்று விட்டுவிடக் கூடாது. விழாக் கூடத்தில் ஓர் ஆச்சியை நிலத்தில் பாயில் இருத்தி, பனையோலைக் கடகம் (கூடை) பொத்தச் சொல்லி, பிள்ளைகளை மேலே நின்று படமெடுக்க விடுகிறோமே, அதுவும் அதே தவறின் சின்ன உருவம்தான். மாற்றுவது சுலபம். அவரை 40 செ.மீ. உயர மேடையில் இருத்துங்கள். பார்ப்பவருக்கு எதிரே வாங்கு போடுங்கள். இருவர் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். அவர் விரும்பினால் பெயரையும் ஊரையும் அட்டையில் எழுதுங்கள். நாட்கூலி கொடுங்கள், 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்ப விடுங்கள். படமெடுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். முக்கியமாக, விளக்கம் சொல்வது அவராக இருக்கட்டும். பக்கத்தில் நிற்கிற இளைஞர் "இவை என்ன செய்யினம் எண்டால்..." என்று தொடங்கினாலே ஆச்சி பொருளாகிவிடுவார்.

இலங்கையை வெளிநாட்டில எப்பிடிக் காட்டினவை? அதில வன்னி எங்க?

1893 சிக்காகோ கண்காட்சியில் இலங்கைக்குத் தனிக் கட்டடம் இருந்தது. கண்டியக் கட்டடக்கலையின் சாயல், செதுக்கிய மரத்தூண்கள், உள்ளே தேயிலை. அமெரிக்கருக்குத் தேயிலையைப் பழக்குவதுதான் முதல் நோக்கம். 1924இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சியிலும் இலங்கை அரங்கு இருந்தது. 1970 ஒசாகாவில் ஜெப்ரி பாவா வடிவமைத்த அரங்கு முன்னையவற்றிலிருந்து விலகி, எளிமையான நவீனக் கட்டடமாக நின்றது. அதற்குள் லக்கி சேனநாயக்கவின் அரசமர இலைச் சிற்பம். கலைத்தரத்தில் அதுவே மிக உயர்ந்தது என்று நினைக்கிறோம்.

கண்டியும் தேயிலையும் அரசமர இலையும் இலங்கைதான்; அதில் பொய்யில்லை. ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தால் தீவின் எந்தப் பாதி தெரிகிறது என்று பாருங்கள். தேயிலையைப் பறித்தவர்கள் மலையகத் தமிழர். மன்னார்க் கடலின் முத்துக் குளிப்பு உலகம் முழுவதும் தெரிந்த தொழிலாக இருந்தது. அதன் பேரும் 'சிலோன் முத்து' என்றே ஆகிவிட்டது. பொருள் பயணம் போகும்போது ஊரின் பெயர் பெட்டியிலிருந்து விழுந்துவிடும். அரங்கைப் படிக்கத் தெரிந்தவர் முதலில் தேடுவது அந்த விழுந்த பெயரைத்தான். மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம்: எந்த நாட்டு அரங்கின் படத்தையும் எடுத்து, இருப்பவை 5, இல்லாதவை 5 என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பட்டியலை எழுத வரைபடமும் வரலாற்றுப் புத்தகமும் தேவைப்படும். படிப்பு அங்கேதான் தொடங்கும்.

ஒரு நாட்டுக்குள்ள இருக்கிற சனம் தனிய நிண்டு தங்கட கதையைச் சொன்ன இடம் இருக்கா?

இருக்கிறது. 1967 மொன்றியலில் கனடாவின் முதற்குடிகளுக்கென ஒரு தனி அரங்கு அமைந்தது. காசு கொடுத்தது அரசு. என்ன சொல்வது என்பதில் முதற்குடி மக்களே முன்னின்றார்கள். பறிபோன நிலத்தையும், மொழியைப் பிடுங்கிய பள்ளிக்கூடங்களையும் பற்றி அந்தச் சுவர்கள் வெளிப்படையாகப் பேசின. கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் அதிர்ந்தார்கள், ஆனாலும் உள்ளே போனார்கள்.

1893 சிக்காகோவில் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெரும் பேச்சாளர் பிரெடெரிக் டக்ளஸ் அப்போது ஹெயிற்றி நாட்டு அரங்கின் பிரதிநிதியாக இருந்தார். தன் நாடு தராத இடத்தை இன்னொரு நாட்டின் அரங்கில் எடுத்துக்கொண்டார். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் முன்னின்று வெளியிட்ட கண்டனப் பிரசுரம் அங்கிருந்தே கையளிக்கப்பட்டது.

மூன்றாவது வழி ஸ்பெயினுடையது: 1992 செவில் கண்காட்சியில் அதன் 17 தன்னாட்சிப் பிரதேசங்களும் ஓர் ஏரியைச் சுற்றித் தனித்தனி அரங்கு போட்டன.

காசு இல்லாத நாடு என்ன செய்யும்?

வாடகைக்கு எடுக்கும். 2025 ஒசாகாவில் மூன்று வழி இருந்தது: நாடு தானே கட்டுவது, ஏற்பாட்டாளர் கட்டிய தனிக் கட்டடத்தை எடுப்பது, பொதுக் கட்டடத்தில் ஒரு பகுதியை எடுப்பது. 2010 ஷங்காயில் 40க்கு மேற்பட்ட ஆபிரிக்க நாடுகள் ஒரே கூட்டு அரங்கில் இருந்தன. 2015 மிலானில் அரிசி, கோப்பி, கொக்கோ என விளைபொருளை வைத்து நாடுகளைச் சேர்த்தார்கள்.

தானே கட்டுவதுதான் கௌரவம் என்ற எண்ணம் பல நாடுகளைச் சிக்கலில் மாட்டியிருக்கிறது. ஒசாகாவில் கட்டுமானச் செலவு ஏறியதாலும் ஆட்கள் பற்றாக்குறையாலும் சில நாடுகள் நடுவழியில் எளிய முறைக்கு மாறின. ஏப்ரல் 13இல் திறந்த கண்காட்சியில் நேபாளத்தின் அரங்கு ஜூலையில்தான் திறந்தது. 6 மாதக் கண்காட்சியில் 3 மாதம் பூட்டிய கதவு என்றால், பாதிச் சனம் அந்த நாட்டைப் பார்க்கவேயில்லை. பொதுக் கட்டடத்தில் 50 சதுர மீற்றரை ஒழுங்காக நிரப்புவது அதைவிட எவ்வளவோ மேல்.

அரங்கு தயாரிக்கிறதில எது முதல், எது பிறகு? எங்க பிழைக்கும்?

நடத்தும் நாடு அழைப்பு அனுப்பும். பங்குபற்றும் நாடு ஓர் ஆணையாளரை நியமிக்கும், ஒப்பந்தம் கையொப்பமாகும். பிறகு கண்காட்சியின் பொதுக் கருப்பொருளோடு நாடு தன்னை எப்படி இணைக்கிறது என்று ஒரு கருப்பொருள் அறிக்கை கொடுக்க வேண்டும். கட்டட வரைபடமும் காட்சிப் பொருளும் ஆட்களும் அதற்குப் பிறகு.

பிழைப்பது பெரும்பாலும் இந்த அறிக்கையில்தான். எழுத உட்காரும்போது ஒவ்வொரு திணைக்களமும் ஒன்றைச் சேர்க்கும்: சுற்றுலா, ஏற்றுமதி, கடற்றொழில், விளையாட்டு. யாரையும் நோகடிக்காமல் எல்லாவற்றையும் போட்டால் 12 திரைகளும் ஒரு நினைவுப்பொருள் கடையும் மிஞ்சும். பரிசோதிக்க ஒரு வழி: அறிக்கையிலுள்ள நாட்டின் பெயரை அழித்து, அயல்நாட்டின் பெயரை எழுதுங்கள். அப்போதும் பொருந்தினால் அறிக்கையைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். 'பசுமையும் விருந்தோம்பலும் நிறைந்த, பழமையும் புதுமையும் கலந்த பூமி' என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

எங்கட மாவட்டக் கண்காட்சியில 'வன்னி' எண்டு ஒரு கூடம் போட்டால், எதை வைக்கிறது?

வழக்கமாக வைப்பது எங்களுக்கும் தெரியும்: வாசலில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் உருவம், பக்கத்தில் மாட்டுவண்டில், உரல், உலக்கை, லாந்தர், ஒரு கொட்டில். இவை இருக்கலாம். ஆனால் உரலும் லாந்தரும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்தன. மேலே சொன்ன பெயரை அழிக்கும் சோதனையில் இவை தோற்கும்.

எங்கள் தெரிவு குளம். அதிலும் குளத்தின் தோற்றத்தைவிடத் தண்ணீரைப் பங்கிடும் முறை. மாரியில் செய்யும் காலபோக நெல்லுக்கு மழை போதும். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கமக்காரர் கூட்டத்தில் இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுத்து, அந்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கிடுகிறார்கள். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் கட்டுக்கரையிலும் இது நடக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் 6 நிமிடத்தில் வன்னியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மாதிரி செய்ய: 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்று, நான்கு பக்கமும் 15 செ.மீ. உயர விளிம்பு. பலகை நனைந்தால் ஊதும். ஆகவே தடித்த பொலித்தீனைச் சுருக்கமில்லாமல் விரித்து, விளிம்புக்கு மேலால் மடித்து வெளிப்புறத்தில் ஆணியடியுங்கள். உட்புறத்தில் அடித்தால் ஆணித் துவாரத்தால் ஒழுகும். குளப் பக்கத்தை 5 செ.மீ. உயர்த்தினால் தண்ணீர் தானாக ஓடும். கட்டுக்குக் களிமண்ணும் மணலும் சம பங்கு, வெட்டிய வைக்கோல் இரண்டு கைப்பிடி. தனிக் களி காய்ந்ததும் வெடிக்கும், காரணம் அது சுருங்கும் அளவு அதிகம். ஒரேயடியாக அப்பாமல் 1 செ.மீ. கனத்தில் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரச்சாக்கால் மூடி ஆறவிடுங்கள். துருசுக்கு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) ஓர் அங்குலக் குழாயும் திறந்து மூடும் வால்வும். வானுக்கு (மிகைநீர் வழிந்தோடும் இடம்) கட்டின் ஒரு மூலையை 2 செ.மீ. தாழ்த்தி, அதில் ஒரு கல் பதியுங்கள். வாய்க்கால் முடிவில் 12 வயல் துண்டுகள்.

பார்வையாளர் கையில் ஒரு லீற்றர் போத்தல் கொடுத்துக் குளத்தில் ஊற்றச் சொல்லுங்கள். துருசைத் திறந்தால் 12 வயலில் 5 அல்லது 6தான் நனையும். "மிச்ச வயல்காரர் என்ன செய்யலாம்?" என்று விளக்குபவர் கேட்கட்டும். எத்தனை வயல் நனைகிறது என்பது முதல் நாளே சோதித்துச் சரிசெய்ய வேண்டிய விஷயம்; எல்லா வயலும் நனைந்தால் கேள்வியே எழாது. மாதிரியின் விளிம்பு நிலத்திலிருந்து 65 செ.மீ.யில் இருந்தால் சிறு பிள்ளைக்கும் எட்டும். கீழே வாளியும் துடைப்பமும் வையுங்கள், நனைந்த சிமெந்துத் தரை வழுக்கும்.

கடகம், சுளகு, நீத்துப்பெட்டி எல்லாம் வெளிநாட்டு அரங்குக்கு அனுப்பேலுமா? பழுதாகாதா?

அனுப்பலாம். பழுதாக்குபவை நான்கு: பூச்சி, ஈரம், வெளிச்சம், பெட்டி.

ஓலையையும் நாரையும் துளைக்கும் பூச்சியைக் கொல்லக் குளிரூட்டல் போதும், மருந்து தேவையில்லை. பொருளைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் அவிழ்க்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே அவிழ்த்தால் குளிர்ந்த ஓலையில் நீர் படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேலே போனால் பூஞ்சணம். 40க்குக் கீழே போனால் ஓலை முறுகி, மடிப்பில் வெடிக்கும். ஏசி நாள் முழுவதும் ஓடும் அரங்குகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. குளிர்காற்று நேரே அடிக்கும் வாய்க்குக் கீழே வைக்காதீர்கள். சாயமிட்ட ஓலைக்கு வெளிச்சம் 50 லக்ஸ் போதும். சிவப்பும் ஊதாவும் முதலில் மங்கும்.

மரப்பெட்டியில் அனுப்பினால், பலகையின் உட்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான சர்வதேச முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்தில் பெட்டியோடு சாமானும் நிற்கும். திரும்பி வர வேண்டிய பொருளுக்கு ஏரிஏ கார்னே என்ற தற்காலிக ஆவணம் உண்டு. வரி கட்டத் தேவையில்லை, ஆனால் ஓர் ஆண்டுக்குள் அதே பொருள் திரும்ப வேண்டும், விற்கக் கூடாது. பனங்கட்டியும் ஒடியலும் இதற்குள் அடங்காது, உணவுக்கு வேறு சட்டம்.

வைக்கும் முறை பற்றி ஒரு சொல். 20 கடகத்தைக் கோபுரமாக அடுக்கினால் கடை போலிருக்கும். மூன்று போதும்: ஓலை நீண்டு கிடக்கிற பாதி இழைத்த ஒன்று, புதிதாக நார் பொத்திய ஒன்று, பல வருடம் நெல் சுமந்து வாய் தேய்ந்து, கிழிந்த இடத்தில் வேறு நாரால் தைத்த ஒன்று. சனம் அந்த மூன்றாவதின் முன்னால்தான் நிற்கும். வெள்ளை ஓலை பழுப்பாகி, கை பிடிக்கும் இடம் மட்டும் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும். அதைக் கழுவி அனுப்பிவிடாதீர்கள்.

விளக்க அட்டை மூன்று மொழியிலயும் போட இடம் காணாதே?

சொற்களைக் குறையுங்கள். ஒரு மொழிக்கு 40 முதல் 60 சொல். தமிழை மேலே போட்டுவிட்டு மற்ற இரண்டையும் சுருக்குவதும், மறுதலையாகச் செய்வதும் இரண்டுமே பிழை. எழுத்தின் அளவு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். அட்டையின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 145 செ.மீ., ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அதிகமென்றால் 115. தமிழில் சுழிகளும் கொம்புகளும் மேலும் கீழும் நீளும், ஆகவே வரி இடைவெளி எழுத்தளவில் 1.4 மடங்கு வேண்டும்.

அச்சகத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து: பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும்போது 'கொ', 'கௌ' போன்றவை உடைந்து போகும். எழுத்துரு உட்பதித்த பிடிஎப் ஆகக் கொடுங்கள். அச்சிட்டதை, அதை எழுதாத ஒருவரைக் கொண்டு சத்தமாக வாசிப்பியுங்கள்.

சனம் நெரிபடாமல் இருக்கக் கணக்கு இருக்கா?

உள்ளே நிற்பவர் தொகையை ஒருவர் தங்கும் நிமிடத்தால் வகுத்து 60ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை பேர் என்று வரும். 9 மீற்றருக்கு 6 மீற்றர் வகுப்பறையில் காட்சிப்பொருள் போக நடக்க மிஞ்சுவது ஏறத்தாழ 32 சதுர மீற்றர். ஆளுக்கு 2 சதுர மீற்றர் என்றால் 16 பேர். 6 நிமிடம் தங்கினால் மணிக்கு 160 பேர். 35 பிள்ளைகள் உள்ள வகுப்பு ஒரேயடியாக உள்ளே வரக் கூடாது. மிச்சப் பிள்ளைகளுக்கு வெளியே நிழலும் தண்ணீரும் வையுங்கள். கூடம் அவர்களுக்கு அங்கேயே தொடங்குகிறது. வாசலும் வெளிவாசலும் வேறு வேறாக இருக்கட்டும். 10 நிமிடக் காணொளி வேண்டாம், ஓடுகிற படத்தின் முன்னால் வரிசை உறைந்துவிடும். 90 வினாடி போதும்.

போரில நடந்ததை வைக்கலாமோ?

வைக்கலாம். 1937இலும் 1967இலும் மற்றவர்கள் வைத்தார்கள். வன்னியைச் சொல்லிவிட்டு 2009ஐச் சொல்லாமல் விட்டால், பார்க்க வருகிற வன்னிச் சனமே அந்தக் கூடத்தை நம்பாது. ஆனால் இந்தப் பார்வையாளரில் பலர் இழந்தவர்கள். முகம் தெரியும் படமோ பெயரோ குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேண்டாம். அந்தக் குடும்பம் முதல் நாளே தனியாக வந்து பார்க்கட்டும். வேண்டாமென்றால் அந்த இடத்திலேயே எடுத்துவிடுங்கள். வெடிச்சத்தம், செல் கூவும் ஒலி எதுவும் போடக் கூடாது. இந்தப் பகுதிக்குப் போகாமலே வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும், அது வாசலிலேயே தெரிய வேண்டும். இருக்க வாங்கும், பக்கத்தில் தண்ணீரும், பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரும். பொருள் ஒன்று போதும். பதுங்குகுழிக்குள் சோறு காய்ச்சிய நெளிந்த பானை ஒன்றை, எங்கிருந்து எங்கு அது சுமக்கப்பட்டது என்ற ஊர்ப் பெயர்களோடு வைத்தால், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

கூடத்தைக் கிடுகால வேயலாமா?

வேயலாம், கவனத்தோடு. மொன்றியலில் 1967 கண்காட்சிக்குப் பக்மின்ஸ்ரர் புல்லர் வடிவமைத்த 76 மீற்றர் விட்டமுள்ள அமெரிக்க அரங்குக் கோளம் 1976 மே மாதம் திருத்த வேலையின்போது ஒட்டுவேலையில் தெறித்த தீப்பொறியால் பற்றி, பிளாஸ்ரிக் தோல் முழுவதும் கொஞ்ச நேரத்தில் எரிந்து போனது. காய்ந்த கிடுகும் அப்படித்தான். உள்ளே குத்துவிளக்கு வேண்டாம். சூடாகும் பழைய மின்குமிழுக்குப் பதிலாக எல்ஈடி. அதுவும் கிடுகிலிருந்து அரை மீற்றர் தள்ளி. வயர் இணைப்புகள் கூரைக்குள் வரக் கூடாது. 9 லீற்றர் தண்ணீர்த் தீயணைப்பான் வாசலில் ஒன்று, மின்சாரத்துக்குப் பவுடர் வகை ஒன்று.

முடிஞ்ச பிறகு இதெல்லாம் என்னவாகும்?

பெரும்பாலானவை இடிக்கப்படும். பார்சலோனாவில் 1929இல் மீஸ் வான் டேர் ரோ கட்டிய ஜேர்மன் அரங்கு அடுத்த ஆண்டே கழற்றப்பட்டது. 1980களில் படங்களைப் பார்த்து அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். 2015 மிலானில் பிரித்தானியா வைத்த தேன்கூட்டு வடிவம் இப்போது லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் நிற்கிறது. 1893இன் இலங்கைக் கட்டடத்தை ஒருவர் வாங்கி, விஸ்கொன்சினின் ஜெனீவா ஏரிக்கரையில் வசிப்பிடமாக்கினார்.

உங்கள் கூடத்துக்கு: இரவல் பொருள் ஒவ்வொன்றையும் வாங்கும்போதே படமெடுத்து, இருக்கிற வெடிப்பையும் கறையையும் எழுதி, இரண்டு பிரதியில் இருவரும் கையொப்பமிடுங்கள். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வந்து எடுக்கச் சொல்ல வேண்டாம். குள மாதிரியைப் பக்கத்துப் பாடசாலை கேட்டால், தண்ணீரை வடித்து இரண்டு நாள் காயவிட்ட பிறகு ஆறு பேர் தூக்குங்கள். ஈரத்தோடு தூக்கினால் கட்டு நடுவில் பிளக்கும். கிடுகு மாட்டுக்கொட்டிலுக்குப் போகலாம்.